லீஷு, ஷூவ, கெய்மாத: சுற்றுச்சூழல் பற்றிப் போர்ச்சுகீஸ் மொழியில் பேச முழுமையான வழிகாட்டி

வணக்கம் சொல்லவும், காபி கேட்கவும், பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கவும் போர்ச்சுகீஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக எந்தப் பேச்சில் போய் மாட்டுவோம்? பெரும்பாலும் வெயில், மழை, குடிநீர், குப்பை, புகை இவற்றில்தான். பாடப் புத்தகங்களோ 'சுற்றுச்சூழல்' என்றதும் புவி வெப்பமயமாதல், ஓசோன் படலம், பல்லுயிர்ப் பெருக்கம் என்று பெரிய பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிவிடும். அவற்றை மனப்பாடம் செய்தவர் செய்தித்தாளின் தலைப்பை வாசிப்பார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் 'தெருவில் தண்ணி நிக்குதே' என்று சொன்னால் முழிப்பார். அதனால் இந்த வழிகாட்டி குழாயடியில் தொடங்கி, குப்பைத்தொட்டி வழியாகக் காட்டுக்குப் போகிறது. சர்ச்சையும் வாக்குவாதமும் கடைசியில்.

முதல் படி: எந்த நாட்டுப் போர்ச்சுகீஸ் என்று முடிவு செய்யுங்கள்

பிரேசிலும் போர்ச்சுகலும் ஒரே மொழி பேசினாலும், சுற்றுச்சூழல் விஷயத்தில் சொற்கள் நிறையவே மாறுகின்றன. காடழிப்பு என்பதற்குப் பிரேசிலில் 'தெஸ்மத்தமென்த்து', போர்ச்சுகலில் 'தெஷ்ஃப்லொரெஷ்த்தஸவுங்'. காலநிலை மாற்றம் பிரேசிலில் 'முதான்ஸஸ் க்லிமாச்சிக்கஸ்', போர்ச்சுகலில் 'அல்த்தெரஸோயிங்ஷ் க்லிமாத்திக்கஷ்'. புகை பிரேசிலில் 'ஃபுமாஸ', போர்ச்சுகலில் 'ஃபூமு'. குப்பையைத் தூக்கிப் போடுவது பிரேசிலில் 'ஜொகார் ஃபோர', போர்ச்சுகலில் 'தெய்த்தார் ஃபோர'. மொசாம்பிக், அங்கோலா, கேப் வெர்டி, கினி-பிசாவ் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் எழுத்து வழக்கு போர்ச்சுகலை ஒட்டியது. ஆனால் பேச்சில் உள்ளூர்ச் சொற்கள் கலந்திருக்கும். மொசாம்பிக் விவசாயி தன் நிலத்தை 'மஷாம்ப' என்றுதான் சொல்வார். 2019 மார்ச்சில் பெய்ரா நகரத்தைத் தாக்கிய இடாய் புயல் பற்றிய செய்திகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அழிந்தது அறுவடைக்கு நின்ற மஷாம்பாக்கள்.

இந்த வழிகாட்டி பிரேசில் வழக்கைப் பிடித்துக்கொள்கிறது. பேசுவோர் எண்ணிக்கை அங்கேதான் அதிகம், அமேசானும் அங்கேதான் இருக்கிறது. போர்ச்சுகல் வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கற்க ஆசைப்பட வேண்டாம். ஒன்று நாக்கில் உட்கார்ந்த பிறகு மற்றொன்று காதுக்குத் தானாகப் பழகும்.

இரண்டாம் படி: தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் முறை

தமிழ் எழுத்து இந்த மொழிக்கு மோசமான கருவி இல்லை. போர்ச்சுகீஸின் த ஒலி பல்லில் நாக்கு படும் த, நம்முடைய த போலவே. ட போட்டுப் பேசினால்தான் வெளிநாட்டு வாடை அடிக்கும். உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை த வந்தால் நாம் மெலிதாகவும் 'த்த' வந்தால் அழுத்தியும் சொல்கிறோம் அல்லவா, அதே விதியை இங்கே பயன்படுத்துகிறேன். 'மாத்து' என்றால் புதர்க்காடு, அழுத்தமான த. 'காது' என்று எழுதினால் கால்நடை, மெலிந்த த (முதல் க 'கிராமம்' என்பதில் வரும் க). ப, க இரண்டுக்கும் இதே கணக்கு. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் எழுத்து நமக்கு உதவாது. அங்கே 'பஸ்'ஸின் ப, 'தினம்' என்பதன் த, 'கிராமம்' என்பதன் க வந்தால் 'மெலிந்த' என்று குறிப்பிடுகிறேன்.

மூக்கொலிதான் பலரைப் பயமுறுத்தும். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் 'அவன் வந்தான்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ன் முழுதாக ஒலிக்காமல் ஆகாரம் மூக்கில் கரைந்துவிடும். அதேதான் இங்கே தேவை. 'நவுங்' (இல்லை), 'பொலுயிஸவுங்' (மாசு), 'தேங்' (இருக்கிறது) என்று நான் எழுதும்போது கடைசி ங் வெறும் அடையாளம். அதை அழுத்தாமல் உயிரெழுத்தை மூக்கில் விடுங்கள். ஞ நமக்கு இரட்டை வரம்: 'மீஞ' (என்னுடைய), 'பாஞு' (குளியல், மெலிந்த ப) இரண்டையும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறித்தான் சொல்வார்.

பிரேசிலில் சொல்லின் தொடக்கத்து ர 'ஹ' ஆகிவிடும். ஆறு 'ஹீயு', தெரு 'ஹூவ'. இறுதியில் வரும் ல 'வு' ஆகும். 'த்தி' என்று எழுதப்படுவது 'ச்சி' என்றும், 'தி' என்பது 'ஜி' என்றும் பல பகுதிகளில் ஒலிக்கும். அதனால்தான் சுற்றுச்சூழல் என்பது பிரேசிலில் 'மேயு அம்பியென்ச்சி'. போர்ச்சுகலில் பெரும்பாலும் வெறும் 'அம்பியென்த்' என்றே முடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லுக்கு முன் வாக்கியச் சட்டம்

கீழே இருப்பவை கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பெயர்ச்சொல்லையும் இவற்றில் செருகலாம்.

'தேங்...' என்றால் இருக்கிறது. தேங் முய்ன்த்து லீஷு ந ஹூவ: தெருவில் நிறையக் குப்பை இருக்கிறது. போர்ச்சுகலில் தேங் போட்டால் இடிக்கும், அங்கே 'ஆ முய்ன்த்து லீஷு'.

'ஃபவுத்த...' என்றால் இல்லை, போதவில்லை. ஃபவுத்த ஆகுவ: தண்ணீர் இல்லை. இப்போது நடக்கிறது என்றால், இஸ்த்தா ஃபவுத்தாந்து ஆகுவ.

'இஸ்த்தா ஃபிக்காந்து...' என்றால் ஆகிக்கொண்டே வருகிறது. இஸ்த்தா ஃபிக்காந்து மைஸ் கென்ச்சி: வெயில் கூடிக்கொண்டே போகிறது.

'காத வேஸ் மைஸ்', 'காத வேஸ் மேனுஸ்': மேலும் மேலும், வரவரக் குறைவாக. ஷோவி காத வேஸ் மேனுஸ்: மழை வரவரக் குறைகிறது. இந்த ஒரு தொடரை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதையே ஓட்டிவிடலாம்.

'அன்ச்சிகமென்ச்சி...' என்றால் அந்தக் காலத்தில். அன்ச்சிகமென்ச்சி ஷொவீய மைஸ்: முன்பெல்லாம் மழை அதிகம் பெய்யும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம், தாவ பாரா தொமார் பாஞு நு ஹீயு: ஆற்றில் குளிக்க முடிந்தது (முதல் சொல்லில் மெலிந்த த). சாவோ பாவ்லோவின் தியெத்தே ஆற்றங்கரையில் வளர்ந்த முதியவரும் இதைச் சொல்வார். அந்த ஆற்றில் ஒரு காலத்தில் நீச்சல் போட்டிகளே நடந்தன, இன்று நகர எல்லைக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

இலக்கணத்தில் ஒரு கண்ணி. அகரத்தில் முடியும் சொல் பெண்பால் என்று முதல் பாடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். சுற்றுச்சூழல் பேச்சில் அந்த விதியை மீறும் சொற்கள் கூட்டமாக வருகின்றன. உ க்லீம (காலநிலை), உ ப்லனேத்த (கோள்), உ ப்ரொப்லேம (பிரச்சினை), உ ஸிஸ்த்தேம (அமைப்பு), உ பியோம (உயிர்ச்சூழல் மண்டலம், மெலிந்த ப) எல்லாமே ஆண்பால். முன்னால் வரும் 'உ' என்ற சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

நான்காம் படி: தண்ணீர்

தமிழர்களுக்கு இந்தப் பகுதி எளிதாக வரும். சொல்ல வேண்டியது நம்மிடமே ஏராளமாக இருக்கிறது.

மழை 'ஷூவ'. பெய்துகொண்டிருக்கிறது 'இஸ்த்தா ஷொவேந்து', போர்ச்சுகலில் 'ஷ்த்தா அ ஷுவேர்'. மழை வரப்போகிறது 'வை ஷொவேர்'. இடி மின்னலோடு கொட்டித் தீர்த்தால் 'கையீவு ஊங் தெம்ப்பொராவு'. சாவோ பாவ்லோவின் பிரபலமான சாரலுக்கு 'கரோவ' என்று தனிப் பெயர் உண்டு (மெலிந்த க).

வெள்ளத்துக்கு மூன்று சொற்கள், மூன்றும் வேறு வேறு. தெருவில் வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்குவது 'அலகமென்த்து'. அ ஹூவ அலகோவு என்றால் ரோட்டில் தண்ணி நிக்குது. ஆறு கரை மீறி ஊருக்குள் வருவது 'என்ஷென்ச்சி'. பருவத்துக்குப் பருவம் ஆறு இயல்பாக ஏறுவது 'ஷேய'. அமேசான் கரை மக்களுக்கு இது பேரிடர் இல்லை, ஆண்டு நாட்காட்டி. இறங்குவது 'வஸான்ச்சி'. ஆனால் போர்ச்சுகலிலும் மொசாம்பிக்கிலும் 'ஷேயஷ்' என்றாலே வெள்ளச் சேதம்தான். பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே தோ சுலில் 2024 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வந்ததை எல்லாரும் 'அ என்ஷென்ச்சி' என்றே குறிப்பிடுகிறார்கள். 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், போர்த்தோ அலெக்ரே விமான நிலையம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த ஊர்க்காரரிடம் பேசும்போது ஆண்டைச் சொல்லத் தேவையில்லை.

வறட்சி 'ஸேக்க'. இந்தச் சொல்லின் முழுக் கனம் பிரேசிலின் வடகிழக்கு வறண்ட உள்நாடான 'ஸெர்த்தவுங்' பகுதியில்தான் தெரியும். அங்கே குடிநீர் கொண்டுவரும் தண்ணி லாரிக்கு 'கமிஞவுங் பீப்ப' அல்லது 'காஹு பீப்ப' என்று பெயர். 'பீப்ப' யார் தெரிகிறதா? நம் வீட்டுப் பீப்பாய்தான், போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து தமிழில் தங்கிவிட்டது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான்.

அந்தப் பகுதிக்குத் தெரிந்த இன்னொரு சொல் 'ஸிஸ்த்தெர்ன'. கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கும் தொட்டி, ஒவ்வொன்றும் 16,000 லிட்டர். பத்து லட்சம் தொட்டி கட்டுவோம் என்ற திட்டம் 2003இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் அதே 2003தான். மழைநீர் சேகரிப்பு: கப்த்தஸவுங் ஜி ஆகுவ த ஷூவ.

மழைக்காக ஏங்கும்போது சொல்வது 'தொமாரா கி ஷோவ!', மழை பெய்யணுமே! போர்ச்சுகலில் 'ஒஷலா ஷோவ!' இலக்கணப் புத்தகம் இருபது பக்கத்தில் விளக்கும் விருப்ப வினைவடிவம் இதில் ஒளிந்திருக்கிறது. விளக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிடுங்கள்.

பெருநகரப் பேச்சுக்கு இரண்டு சொற்கள் கூடுதலாக வேண்டும். 'ஹஸியொனமென்த்து' என்றால் குடிநீர் ரேஷன். 'வொலூமி மோர்த்து' என்றால் நீர்த்தேக்கத்தில் மதகுக்குக் கீழே தங்கிவிட்ட அடிமட்ட நீர். 2014–15இல் சாவோ பாவ்லோவுக்குத் தண்ணீர் தரும் கன்த்தரேய்ர நீர்த்தேக்கத் தொகுதி வறண்டபோது அந்த அடிநீரைப் பம்பு வைத்து இறைத்தார்கள். பொறியாளர்களின் கலைச்சொல் டீக்கடைப் பேச்சானது அப்போதுதான்.

இப்போது நம் பக்கத்துக் கதை. 'உங்கள் ஊரில் எப்படி?' என்று எவரும் கேட்பார்கள், ஆகையால் பதிலைத் தயாராக வைத்திருங்கள். சென்னைக்காரர் என்றால்:

ந மீஞ ஸிதாஜி, ஃபவுத்தோவு ஆகுவ எங் தோய்ஸ் மீவு இ தெஸெநோவி. அ ஆகுவ ஷெகோவு ஜி த்ரேங்.

என் ஊரில் 2019இல் தண்ணீர் இல்லாமல் போனது, தண்ணீர் ரயிலில் வந்தது என்று பொருள். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நமக்குப் பழைய செய்தி. கேட்கும் பிரேசில்காரர் கண்ணை விரித்து 'ஜி த்ரேங்?' என்று திருப்பிக் கேட்பார். உரையாடல் அங்கிருந்து தானாக ஓடும். போர்ச்சுகல்காரரிடம் சொல்வதாக இருந்தால் பத்தொன்பது 'தெஸெநோவி' அல்ல, 'தெஸநோவ்'. ரயிலும் 'கொம்ப்போயு' ஆகிவிடும்.

ஐந்தாம் படி: குப்பை

குப்பைத்தொட்டியின் நிறத்தை நம்பி இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாது. பிரேசிலில் 2001இல் வந்த தேசிய விதிப்படி நீலம் காகிதம், சிவப்பு பிளாஸ்டிக், பச்சை கண்ணாடி, மஞ்சள் உலோகம், பழுப்பு மக்கும் குப்பை. போர்ச்சுகலில் தெருமுனையில் நிற்கும் தொட்டி வரிசைக்கு 'எக்கொப்போன்த்து' என்று பெயர். அங்கேயும் நீலம் காகிதம், பச்சை கண்ணாடிதான். ஆனால் மஞ்சளில் பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்து போகும், சின்னச் சிவப்புப் பெட்டி பேட்டரிக்கு. பிரேசிலில் பழகியவர் லிஸ்பனில் தண்ணீர் பாட்டிலோடு சிவப்பைத் தேடினால் பேட்டரிப் பெட்டி முன்னால்தான் போய் நிற்பார். போர்ச்சுகலில் தொட்டிகளுக்குச் செல்லப் பெயர்களும் உண்டு: வித்ரவுங் (கண்ணாடி), பப்பெலவுங் (காகிதம்), எம்பலவுங் (பொட்டலங்கள்), பில்யவுங் (பேட்டரி). பிரேசிலில் 'பப்பெலவுங்' என்றால் வெறும் அட்டை. 'கி பப்பெலவுங்!' என்று யாராவது உங்களைப் பார்த்துச் சொன்னால் அட்டையைப் பற்றிப் பேசவில்லை, நீங்கள் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கேட்கத் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள்:

ஓன்ஜி எவு ஜோகு இஸ்ஸு?: இதை எங்கே போடுவது?
இஸ்ஸு எ ஹெஸிக்லாவெவு?: இது மறுசுழற்சிக்குப் போகுமா?
கி ஜீய பாஸ அ கொலேத்த ஸெலெச்சீவ?: தரம் பிரித்த குப்பையை எடுக்க என்று வருவார்கள்?
நவுங் ப்ரெஸீஸு ஜி ஸக்கோல, ஒப்ரிகாது: பை வேண்டாம், நன்றி. (பெண் பேசினால் ஒப்ரிகாத.)

கடைசி வாக்கியத்தை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் தினமும் உதவும்.

பிரேசில் குப்பைப் பேச்சில் ஒரு மனிதரைத் தெரியாமல் இருக்கக் கூடாது, 'கத்ததோர்'. தள்ளுவண்டியோடு தெருத்தெருவாக அட்டையும் டின்னும் பொறுக்கி விற்பவர். அரசின் தொழில் பட்டியலில் 2002இல் இது தனித் தொழிலாகச் சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டமும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. அலுமினிய டின் மறுசுழற்சியில் பிரேசில் உலகின் முன்வரிசையில் இருப்பதாக விளம்பரங்கள் பெருமை பேசும். அந்தப் பெருமையில் பெரும்பங்கு கடற்கரை மணலில் குனிந்து 'லச்சீஞ' பொறுக்கும் கைகளுடையது. அவர்களை 'லிஷேய்ரு' என்று அழைக்காதீர்கள். அது மாநகராட்சிக் குப்பை லாரி ஊழியரைக் குறிக்கும் சொல், வேலையே வேறு.

திறந்தவெளிக் குப்பைமேடு 'லிஷவுங்', முறைப்படி மண்மூடி அமைத்த கிடங்கு 'அத்தேஹு ஸனித்தாரியு'. 2010 சட்டம் லிஷவுங்குகளை 2014க்குள் மூடச் சொன்னது. கெடு தள்ளிப்போனது, மேடுகள் பல இன்னும் இருக்கின்றன. கொடுங்கையூர், பெருங்குடி பற்றிப் பேச நேர்ந்தால் சொல் கையில் தயாராக இருக்கிறது.

ஆறாம் படி: காடும் நெருப்பும்

பிரேசிலின் நிலம் ஆறு 'பியோம'க்களாகப் பிரிக்கப்படுகிறது: அமஸோனிய, ஸெஹாது, மாத்த அத்லான்ச்சிக்க, கஅச்சீங்க, பன்த்தனாவு, பாம்ப்ப. வெளிநாட்டவர் எல்லாரும் அமேசானை மட்டுமே கேட்பார்கள். நீங்கள் ஸெஹாது பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நடு பிரேசிலின் அந்தப் புல்வெளிக் காட்டில்தான் நாட்டின் பெரிய ஆறுகள் பல பிறக்கின்றன, சோயா வயல்கள் அதிகம் பரவியதும் அங்கேதான்.

இங்கே பெயர்ச்சொல்லை விட வினைச்சொல் முக்கியம், ஏனென்றால் யார் செய்தது என்பது வினையில்தான் இருக்கிறது. 'தெஸ்மத்தார்' என்றால் காட்டை அழிப்பது. 'தெஹுபார்' என்றால் வெட்டிச் சாய்ப்பது. 'கெய்மார்' என்றால் எரிப்பது. (முதல் இரண்டிலும் மெலிந்த த.)

தெஹுபாரவுங் அ ஃப்லொரெஸ்த்த பாரா க்ரியார் காது: மாடு வளர்ப்பதற்காகக் காட்டைச் சாய்த்தார்கள்.

அமேசானில் நடப்பது ஏறக்குறைய இந்த வரிசைதான். விலை போகும் மரத்தை மதெய்ரேய்ரு (மர வியாபாரி) எடுத்துச் செல்வார், மீதியை வெட்டிச் சாய்ப்பார்கள், வறண்ட மாதங்களில் அது காய்ந்ததும் தீ வைப்பார்கள், புல் விதைத்து மாடு விடுவார்கள். நிலத்துக்குப் பொய்ப் பத்திரம் தயாரிக்கும் வேலைக்கு 'க்ரிலாஜேங்' என்று பெயர், செய்பவர் 'க்ரிலேய்ரு' (இரண்டிலும் மெலிந்த க). தங்கம் தேடி ஆற்றைக் கிளறுவது 'கரீம்ப்பு', தேடுபவர் 'கரிம்ப்பேய்ரு' (இவற்றிலும் மெலிந்த க). யனோமாமி பழங்குடியினரின் நிலத்தில் பாதரசம் கலந்தது இந்த வேலையால்தான்.

இதனால்தான் 'கெய்மாத', 'இன்ஸெந்ஜியு' இரண்டையும் குழப்பக் கூடாது. நிலத்தைத் தயார் செய்ய ஒருவர் வேண்டுமென்றே வைப்பது கெய்மாத. கைமீறிப் பரவும் காட்டுத்தீ இன்ஸெந்ஜியு. ஈரமான மழைக்காட்டில் தீ தானாகப் பிடிப்பது அரிது. அமேசான் எரிகிறது என்று உலகம் பேசிய 2019இல், ஆகஸ்ட் 19 அன்று சாவோ பாவ்லோவில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டியது. குளிர்காற்றோடு வந்த மேகமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த புகையும் சேர்ந்த இருட்டு அது. அன்று முதல் 'ஃபுமாஸ' நகரத்துச் சொல்லும் ஆனது.

போர்ச்சுகலில் கதை வேறு. அங்கே கோடை வெயிலும் வரிசை வரிசையாக நட்ட யூகலிப்டஸ் மரங்களும்தான் பேச்சு. 'எவுக்கலீப்த்து' என்ற சொல்லைச் சொன்னாலே கிராமத்தில் இரண்டு கட்சி பிரியும். 2017 ஜூன் 17 அன்று பெத்ரோகவுங் கிராண்டே பகுதியில் பிடித்த தீயில் 66 பேர் இறந்தார்கள், பலர் காரில் தப்பி ஓடிய சாலையிலேயே. 'எரிந்துகொண்டிருக்கிறது' என்பதற்குப் பிரேசிலில் 'இஸ்த்தா கெய்மாந்து', போர்ச்சுகலில் 'ஷ்த்தா அ அர்தேர்'. ஊரில் தீ என்று கேட்டால் 'ஓன்த் எ கி ஷ்த்தா அ அர்தேர்?' என்று விசாரியுங்கள். வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதரை வெட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த வேலைக்குப் பெயர் 'லிம்ப்பார் உ தெஹேனு'. போர்ச்சுகலில் தோட்டத்தோடு வீடு வாங்க நினைப்பவருக்கு இந்த வழிகாட்டியின் மிக விலை உயர்ந்த சொற்கள் அவைதான். தீயணைப்பு வீரர்கள் 'பொம்பேய்ருஷ்' (மெலிந்த ப), அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

எண்களும் இங்கேதான் வரும். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 'இன்ப்பி' 1988 முதல் செயற்கைக்கோள் படம் வைத்து அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் அளக்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டு என்பது ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். 2004இல் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர், 2012இல் சுமார் 4,600, பிறகு மறுபடி ஏற்றம். செய்தி வாசிப்பவர் 'கிலோமெத்ருஸ் க்வத்ராதுஸ்' என்று சொன்ன கையோடு, இது இத்தனை 'காம்ப்புஸ் ஜி ஃபுச்சிபோவு', அதாவது இத்தனை கால்பந்து மைதானம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். அந்த நாட்டில் பரப்பளவுக்கு உண்மையான அலகு அதுதானோ என்று சந்தேகம் வரும்.

இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்தால் பேச்சில் நிலைக்கலாம். தமிழ்ப் பத்திரிகைகள் சிக்கோ மென்டிஸ் என்று எழுதுபவரை அங்கே 'ஷீக்கு மென்ஜிஸ்' என்பார்கள். அக்ரி மாநிலத்து ரப்பர் பால் எடுப்பவர், 'ஸெரிங்கேய்ரு'. மரம் வெட்ட வரும் ஆட்களை ஊரோடு போய் மறித்து நிற்கும் அவர்களுடைய போராட்ட முறைக்கு 'எம்ப்பாச்சி' என்று பெயர். 1988 டிசம்பர் 22 அன்று ஷப்புரியில் தன் வீட்டுப் பின்வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாநிலத்து ரப்பர் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மரீனா ஸிவ்வா 2003 முதல் 2008 வரை சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தார், 2023இல் மறுபடியும் அந்தப் பதவிக்கு வந்தார்.

ஏழாம் படி: அணையும் மின் கட்டணமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அணை 'பஹாஜேங்' (மெலிந்த ப). மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இந்தச் சொல் தண்ணீரை நினைவூட்டாது, சேற்றைத்தான் நினைவூட்டும். சுரங்கக் கழிவைத் தேக்கி வைத்த அணைகள் 2015 நவம்பர் 5இல் மரியானாவிலும், 2019 ஜனவரி 25இல் புருமாஜிஞோவிலும் உடைந்தன. முதலாவதில் 19 பேர், இரண்டாவதில் 270 பேர் இறந்தார்கள். அ பஹாஜேங் ஹொம்ப்பேவு: அணை உடைந்தது. 'லாம' என்றால் சேறு. அந்த மாநிலத்தவரிடம் இதை விளையாட்டாகப் பேச வேண்டாம்.

பிரேசில் மின்சாரத்தில் நீர்மின்சாரத்தின் பங்கு பெரிது. மழை குறைந்தால் கட்டணம் ஏறும். 2015 முதல் மின் கட்டண ரசீதில் கொடி நிறம் போடுகிறார்கள், 'பந்தேய்ர வேர்ஜி' (மெலிந்த ப) என்றால் பச்சை, கூடுதல் இல்லை, 'பந்தேய்ர வெர்மேல்ய' என்றால் சிவப்பு, பர்ஸ் இளைக்கும். காலநிலை பற்றிப் பேச்சைத் தொடங்க இதைவிட வசதியான சாக்கு கிடையாது. சூரிய மின்சாரம் 'எனெர்ஜீய ஸொலார்', காற்றாலை மின்சாரம் 'எனெர்ஜீய எஒலிக்க'. அவ்வளவு போதும்.

எட்டாம் படி: கருத்துச் சொல்ல, மறுத்துப் பேச

ஆஷு கி...: எனக்கு என்னவோ... என்றுதான் தோன்றுகிறது.
கொன்க்கோர்து, மாஸ்...: ஒத்துக்கொள்கிறேன், ஆனால்...
நவுங் எ பேங் அஸீங்: அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது.
தெப்பென்ஜி: அதைப் பொறுத்தது. (மெலிந்த த)
அ ஜென்ச்சி தேங் கி எக்கொனொமிஸார் ஆகுவ: நாம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கணும்.
எ ப்ரெஸீஸு ஹெதுஸீர் உ லீஷு: குப்பையைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

கடைசி வாக்கியச் சட்டம் யாரையும் விரல் நீட்டிக் குற்றம் சாட்டாது. அறிமுகம் இல்லாதவரிடம் அதுவே பாதுகாப்பு.

தவிர்க்க வேண்டிய தேய்ந்த வாக்கியம் ஒன்று உண்டு. அமேசான் 'உ புவ்மவுங் து மூந்து', உலகத்தின் நுரையீரல். அங்கே உற்பத்தியாகும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதும் அந்தக் காடே செலவழித்துவிடுகிறது, அதனால் விஷயம் தெரிந்தவர் புருவத்தை உயர்த்துவார். பதிலாக 'ஹீயுஸ் வொவதோரிஸ்', பறக்கும் ஆறுகள் என்று சொல்லிப் பாருங்கள். மரங்கள் வெளிவிடும் நீராவி காற்றோடு தெற்கே போய் மழையாக இறங்குவதை விஞ்ஞானிகள் இப்படிச் சொல்கிறார்கள். சாவோ பாவ்லோ விவசாயிக்கும் அமேசானுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அரசியல் பேச்சுக்கு மூன்று தொடர்கள். 'பஸார் அ பொயாத' என்றால் மாட்டு மந்தையை ஓட்டிவிடுவது ('பொயாத' என்பதில் மெலிந்த ப). 2020 ஏப்ரல் 22 அன்று அமைச்சரவைக் கூட்டத்தில், பத்திரிகைகள் கொரோனாவில் மூழ்கியிருக்கும்போதே விதிகளைத் தளர்த்திவிடலாம் என்ற பொருளில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஹிக்கார்து ஸாலிஸ் இதைச் சொன்னார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் காணொளியை வெளியிட அனுமதித்தது. அன்றிலிருந்து சந்தடி சாக்கில் சட்டத்தை நழுவவிடுவதற்கெல்லாம் இதே பெயர். 'பாரா இங்க்லேஸ் வேர்' என்றால் வெள்ளைக்காரன் பார்க்க, அதாவது ஒப்புக்குச் செய்வது. காகிதத்தில் மட்டும் இருக்கும் காப்பகங்களைச் சொல்லப் பொருத்தம். 'மக்கியாஜேங் வேர்ஜி' என்றால் பச்சை ஒப்பனை, பாட்டிலில் இலைப் படம் போட்டு நல்ல பெயர் வாங்கும் நிறுவனங்களுக்கு.

இந்த மூன்றையும் முதல் சந்திப்பிலேயே எடுத்து விடாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு மாட்டுப் பண்ணை இருக்கலாம்.

ஒன்பதாம் படி: கேட்டுப் பழகுவது

அரசுச் செய்தி நிறுவனமான அஜென்ஸிய ப்ரஸீவு இலவசம், நடையும் எளிது. அதன் வானொலித் துணுக்குகள் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். போர்ச்சுகலுக்கு அந்நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.பி. ஆப்பிரிக்க நாடுகளின் செய்திக்கு ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலியின் ஆப்பிரிக்கப் போர்ச்சுகீஸ் பிரிவு. 2025 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு பெலேங் நகரில் நடந்ததால், அதைப் பற்றிய குறுங்காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து முதலில் எழுத்து இல்லாமல் கேளுங்கள், பிறகு வினைச்சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் குறியுங்கள், கடைசியாக வாசகத்தோடு ஒப்பிடுங்கள். பெயர்ச்சொற்களைக் குறிக்க ஆரம்பித்தால் காது சோம்பேறியாகிவிடும்.

ஆனால் வானொலியை விட நல்ல ஆசிரியர்கள் வயதானவர்கள். அவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், பழைய மழையை மறக்கவும் மாட்டார்கள். பெரியவரை 'வொஸே' என்று அழைக்காமல் 'உ ஸெஞோர்' என்றும், பெண்மணியை 'அ ஸெஞோர' என்றும் அழையுங்கள். நம் 'ஐயா', 'அம்மா' இடத்தில் வருபவை அவை. இந்த மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்:

உ ஸெஞோர் ஸென்ப்ரி மொரோவு அக்கீ?: ஐயா, நீங்கள் எப்போதும் இங்கேதான் இருந்தீர்களா?
உ ஹீயு முதோவு முய்ன்த்து?: ஆறு ரொம்ப மாறிவிட்டதா?
கோமு எர அன்ச்சிஸ்?: முன்பு எப்படி இருந்தது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இறந்தகாலத் தொடர்வினையில் கொட்டும்: எர, தீஞ, ஷொவீய, தாவ பாரா. மூன்றாம் படியில் வந்த ஆற்றுக் குளியலும் அதில் நிச்சயம் இருக்கும். அவர் நிறுத்தும்போது 'இ அகோர?', இப்போது? என்று மட்டும் கேளுங்கள்.